வாசலுக்கு ஒரு தண்டம்

'குடிக்கூலி' என்பது நம் முன்னோர் வழங்கிய அருமையான சொல். ஒரு வீட்டில் குடியிருப்பதற்காக மாதந்தோறும் அளிக்கப்படும் கூலி அது. இன்று 'வாடகை' என்னும் சொல் அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. வாடகை பாத்திரத்துக்கும் உண்டு, பந்தலுக்கும் உண்டு, மிதிவண்டிக்கும் உண்டு. குடிக்கூலியோ குடிவாழ்வுக்கு மட்டுமே உரியது. அதை அளிப்பவர் நான்கு சுவர்களையும் ஒரு கூரையையும் மட்டும் பெறுவதில்லை. வீட்டுக்குச் செல்லும் நடை, குடிக்கும் நீர், கொடியில் துணி உலர்த்தும் வெயில், கோலமிடும் வாசல், வண்டியை நிறுத்தும் நிழல் ஆகிய அனைத்தும் அந்தக் கூலிக்குள் அடங்கியவை. 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்று எழுதித் தொங்கவிடும் அட்டையில் 'வண்டி நிறுத்த இடம் உண்டு' என்று சேர்த்து எழுதுவது இதனால்தான்.

அப்படிக் கூலி கொடுத்துப் பெற்ற இடத்தில் தம் வண்டியை நிறுத்தியதற்காகவே ஒருவர் தண்டம் செலுத்த வேண்டும் என்றால், அந்தத் தண்டத்தை விதிப்பவர் யார்? அவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? இக்கேள்வியை இம்மாதம் வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

நாம் வாழும் ஆயக்குடியில் இக்கேள்வி எழுவது அரிது. பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், கொய்யாத் தோப்புகளுக்கு நடுவே அமைந்த ஊர் இது. கொய்யாச் சந்தை கூடும் வேளைகளில் பழம் ஏற்ற வந்த வண்டி ஏதேனும் ஒரு வீட்டின் வாசலை மறித்து நின்றுவிடும். வீட்டுக்காரர் வெளியே வந்து, "அண்ணே, வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்பார். சில வேளைகளில் குரல் சற்று உயரும். ஆயினும் இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நாளையும் சந்திக்க வேண்டியவர்கள். வண்டி நகரும், வழி திறக்கும். சீட்டெழுதி ஒட்டுபவர் எவரும் இங்கில்லை.

ஆனால் நம் பிள்ளைகள் இவ்வூரோடு நின்றுவிடவில்லை. கோவைக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றார்கள். சிலர் கடல் கடந்தும் சென்றார்கள். சென்ற ஆண்டு நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கலங்கிய முகத்துடன் வந்தார். அவருடைய மகன் இலண்டனில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறார். "சாமி, அவன் குடியிருக்கிற எடத்துலயே காரை நிறுத்துனதுக்கு நூறு பவுண்டு அபராதமாம். போலீசு கேசு ஆயிருமோ? அந்நிய நாட்டுல சண்டை சச்சரவு வேணாம், கட்டிட்டு நிம்மதியா இருப்பான்னு சொல்லிட்டேன்" என்றார்.

நடந்தது இதுதான். அம்மகனுடைய வாடகை ஒப்பந்தத்திலேயே வாகன நிறுத்துமிடம் ஒன்று எண் குறித்துத் தரப்பட்டிருந்தது. அவர் குடியேறிச் சில மாதங்களுக்குப் பின், குடியிருப்பை நிர்வகிப்போர் ஒரு தனியார் நிறுவனத்தை அமர்த்தினர். அந்நிறுவனம் சுவரில் பலகை மாட்டியது; வீட்டுக்கு ஓர் அனுமதிச் சீட்டும் அனுப்பியது. ஒரு நாள் இரவு அச்சீட்டு முன்கண்ணாடியிலிருந்து நழுவி இருக்கையின் அடியில் விழுந்துவிட்டது. காலையில் வண்டியின் மேல் மஞ்சள் உறை ஒட்டியிருந்தது. செலுத்த வேண்டியது 100 பவுண்டு. 14 நாள்களுக்குள் செலுத்தினால் 60 பவுண்டு. நம் பணத்தில் முதல் தொகை ஏறத்தாழ 11,000 ரூபாய்க்கு மேல். தாயின் சொற்படி மகன் 60 பவுண்டைக் கட்டிவிட்டார். அடுத்த மாதமே இரண்டாவது சீட்டு வந்தது. அப்போதுதான் அத்தாய் நம்மிடம் வந்தார்.

'கட்டிவிட்டு நிம்மதியாக இரு' என்னும் அறிவுரையை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. புலம்பெயர்ந்து வாழும் பிள்ளையின் தாய் வேறென்ன சொல்வார்? ஆயினும் அது சரியான அறிவுரைதானா என்று அறிய, அச்சீட்டு எத்தகையது என்று முதலில் காண வேண்டும்.

இங்கிலாந்தில் நகர மன்றம் பொதுச் சாலையில் ஒட்டும் சீட்டுக்குப் 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்' என்று பெயர். அது சட்டத்தின் வழி வந்த தண்டம். தனியார் நிலத்தில் தனியார் நிறுவனம் ஒட்டும் சீட்டுக்குப் 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்' என்று பெயர். இரண்டுக்கும் சுருக்கப் பெயர் ஒன்றே: 'பி.சி.என்.' உறையின் தோற்றமும் பல வேளைகளில் ஒத்திருக்கும். ஆனால் பின்னது அரசின் தண்டம் அன்று. 'எம் பலகையில் எழுதிய நிபந்தனையை ஏற்று வண்டியை நிறுத்தினீர். பின் அதை மீறினீர். ஆகவே இத்தொகையைத் தாரும்' என்று கேட்கும் ஒப்பந்தக் கோரிக்கை அது. செலுத்தாதவரைத் தேடிக் காவலர் வருவதில்லை. தொகை வேண்டுமென்றால் நிறுவனம் உரிமையியல் நீதிமன்றம் சென்று வழக்காட வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமலேயே பலர் பணத்தைக் கட்டிவிடுகின்றனர். மொழியும் சட்டமும் புதிதாக உள்ள நாட்டில் வாழும் நம்மவர் இதில் முன்னிற்பது வியப்பன்று.

இம்முறை வளர்ந்த வரலாறும் அறியத்தக்கது. ஒரு காலத்தில் தனியார் நிலத்தில் நின்ற வண்டியின் சக்கரத்தில் இரும்புப் பூட்டு மாட்டி, 'பணம் தந்தால்தான் திறப்போம்' என்பார்கள். ஸ்காட்லாந்தின் உயர் குற்றவியல் நீதிமன்றம் 1992 ஆம் ஆண்டிலேயே, இவ்வாறு வண்டியைப் பிடித்துவைத்துப் பணம் கேட்பது மிரட்டிப் பறித்தலாகும், திருட்டும் ஆகலாம் என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தினால், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் தனியார் நிலத்தில் சக்கரப் பூட்டு தடை செய்யப்பட்டது. ஆனால் அதே சட்டம் நிறுவனங்களுக்கு வேறொரு கருவியை அளித்தது. வண்டியை ஓட்டியவர் யார் என்று தெரியாவிடில், பதிவேட்டில் யார் பெயரில் வண்டி உள்ளதோ அவரிடமே, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தொகையைக் கேட்கலாம். அவருடைய பெயரையும் முகவரியையும் அந்நாட்டு அரசின் வாகனப் பதிவு முகமையிடமிருந்து, ஒரு வண்டிக்கு 2.50 பவுண்டு செலுத்தி, நிறுவனம் பெற்றுக்கொள்கிறது. 2023-24 நிதியாண்டில் இவ்வாறு பெறப்பட்ட விவரங்கள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். இரும்புப் பூட்டின் வேலையை இப்போது அஞ்சல் உறை செய்கிறது.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. இரயில் நிலையத்தை ஒட்டிய குடியிருப்பில், அயலார் காலையில் வண்டியை விட்டுவிட்டு மாலையில் வந்து எடுத்துச் செல்வார்கள். முழங்கால் வலியோடு வாழும் முதியவர் தம் இடத்தை இழந்து, தெருக்கோடியில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருவார். இதைத் தடுக்க ஏதேனும் வேண்டும் என்று குடியிருப்போரே கேட்பதுண்டு.

இத்தகைய கட்டணம் செல்லுமா என்னும் வினா, ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. செம்ஸ்ஃபோர்டு நகரில் ஒரு கடைத்தொகுதி. அதன் நிறுத்துமிடத்தில் 2 மணி நேரம் இலவசம். ஒருவர் 56 நிமிடங்கள் கூடுதலாக வண்டியை நிறுத்தியிருந்தார். அவரிடம் 85 பவுண்டு கேட்கப்பட்டது. 'பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ்' என்னும் அவ்வழக்கில் 2015 நவம்பர் 4 அன்று, ஏழு நீதிபதிகளுள் அறுவர் அத்தொகை செல்லும் என்றனர். பலர் வந்துபோகும் இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளாமல் காப்பது நியாயமான நலன்; அறிவிப்புப் பலகைகள் பெரியனவாகவும் தெளிவாகவும் இருந்தன; தொகையும் வரம்பு மீறியதன்று என்பது அவர்கள் கண்ட முடிவு.

இத்தீர்ப்பைக் காட்டியே இன்று குடியிருப்போரிடமும் பணம் கேட்கிறார்கள். ஆனால் கடைக்கு வண்டியில் வருபவர் வேறு, வீட்டில் குடியிருப்பவர் வேறு. கடைக்கு வருபவருக்கு அந்நிலத்தில் முன்னதாக எந்த உரிமையும் இல்லை. பலகையில் உள்ள நிபந்தனையின் பேரில்தான் அவர் உள்ளே வருகிறார். குடியிருப்பவரோ பலகை வருமுன்னரே, கூலி கொடுத்து, கையெழுத்திட்டு, உரிமையுடன் உள்ளே இருப்பவர்.

இவ்வேறுபாட்டை 2016 ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் தெளிவாக எடுத்துரைத்தது. 'ஜாப்சன் எதிர் ஹோம்கார்டு' என்பது வழக்கின் பெயர். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்த ஒருவர், கனமான வீட்டுச் சாமான் ஒன்றை இறக்குவதற்காகத் தம் வண்டியை வாயிலருகே சில நிமிடங்கள் நிறுத்தியிருந்தார். அதற்காக அவருக்குச் சீட்டு ஒட்டப்பட்டது. கீழ் நிலையில் தோற்ற அவர் மேல்முறையீடு செய்தார். நீதிபதி சார்லஸ் ஹாரிஸ் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். சாமான் இறக்க நிற்பது வேறு, வண்டியை விட்டுச் செல்வது வேறு. பொருள் கொண்டுவருவோர் எவரும் வாயிலில் நிற்கக் கூடாது என்றால் அடுக்குமாடி வாழ்வே நடவாது என்று அவர் கருதினார். ஒப்பந்தத்தின் வழி குடியிருப்பவர் பெற்ற உரிமையை, நிர்வாகம் தன் விருப்பப்படி ஒரு பலகையை மாட்டி மாற்றிவிட முடியாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

ஒருவர் கையில் ஏற்கெனவே உள்ளதை அவருக்கே விற்க முடியாது. உழவரிடம் போய், 'உம் கிணற்று நீரை இறைக்க எம்மிடம் சீட்டுப் பெறும்' என்று அயலார் ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம். அதையே அச்சிட்ட தாளில் மஞ்சள் உறையில் வைத்துச் சொன்னால் அஞ்சுகிறோம்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு தீர்ப்பு மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதன்று. அவை மதித்து நோக்கத் தக்கது, அவ்வளவே. மேலும், எல்லா ஒப்பந்தங்களும் ஒன்றல்ல. 'நிர்வாகம் அவ்வப்போது வகுக்கும் விதிகளுக்கு உட்பட்டு' என்று சில ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். அத்தகைய இடத்தில் அனுமதிச் சீட்டு கேட்பது முறையாகவும் இருக்கலாம். ஆகவே எல்லாம் எழுத்தில் என்ன உள்ளது என்பதையே பொறுத்தது.

அந்த மகன் இரண்டாவது சீட்டு வந்தபின் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார். நிறுத்துமிடத்தின் எண் அதில் இருந்தது. அனுமதிச் சீட்டு வைக்க வேண்டும் என்னும் சொல் எங்கும் இல்லை. அப்பக்கத்தின் நகலை இணைத்து, நிறுவனத்துக்கும் வீட்டு உரிமையாளருக்கும் பணிவான மடல் ஒன்றை எழுதினார். மூன்று வாரங்களில், சீட்டு நீக்கப்பட்டது என்று பதில் வந்தது. முன்னர் கட்டிய 60 பவுண்டு திரும்பி வரவில்லை.

குருமடத்தில் பயின்ற நாள்களில், புனித தாமஸ் அக்குவினாஸ் சட்டத்துக்கு வகுத்த இலக்கணத்தை நாம் மனனம் செய்ததுண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் நான்கு கூறுகளைக் காட்டினார். சட்டம் அறிவுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். பொது நன்மையை நாட வேண்டும். சமூகத்தைப் பேணும் பொறுப்புடையவரிடமிருந்து வர வேண்டும். எல்லாரும் அறிய அறிவிக்கப்பட வேண்டும். தனியார் சீட்டு சட்டமன்று, ஒப்பந்தமே என்பது உண்மைதான். ஆயினும் தண்டத்தின் உடையை அணிந்து வருவதைத் தண்டத்தின் அளவுகோலால் அளந்து பார்ப்பதில் தவறில்லை.

கீழே விழுந்த ஒரு தாளுக்காக, அவ்விடத்துக்கு உரியவரிடமே 100 பவுண்டு கேட்பது அறிவுக்கு ஒத்ததா? அயலாரைத் தடுக்க வந்த ஏற்பாடு, குடியிருப்பவரையே பிடிக்கும்போது பொது நன்மை எங்கே? பல இடங்களில் இந்நிறுவனங்கள் குடியிருப்பிடமிருந்து ஊதியம் பெறுவதில்லை. ஒட்டும் சீட்டுகளின் வசூலே அவற்றின் வருவாய். காவலுக்கு வந்தவருடைய பிழைப்பு பிறர் தவறுகளால் நடக்குமானால், தவறுகள் குறைவதை அவர் எங்ஙனம் விரும்புவார்? அவர் அந்தச் சமூகத்தைப் பேணும் பொறுப்புடையவர் ஆவாரா? இருட்டில் உயரத்தில் பொடி எழுத்தில் மாட்டிய பலகையை அறிவிப்பு என்று கொள்ளலாமா? இக்கேள்விகளை அந்நாட்டு மக்களும் எழுப்பினார்கள். 2019 இல் நடத்தை விதித் தொகுப்புக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2022 பிப்ரவரியில் அரசு வெளியிட்ட தொகுப்பு, நிறுவனங்களின் எதிர்ப்பினால் அவ்வாண்டு ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூலையில் மீண்டும் மக்கள் கருத்து கேட்கப்பட்டது.

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட வேண்டாம். நம் நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. அங்கே தனியார் நிறுவனத்தின் இடத்தில் குடியிருப்போர் சங்கம் நிற்கிறது. 'வாடகைக்கு இருப்போர் தரைத்தளத்தில் வண்டி நிறுத்தக் கூடாது', 'விருந்தினர் வண்டிக்கு அபராதம்' என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்படுகிறது. சில இடங்களில் காவற்காரர் சங்கிலியும் பூட்டும் கொண்டு சக்கரத்தைக் கட்டுகிறார். அந்தக் காவற்காரரும் மாதச் சம்பளத்துக்கு அஞ்சி வாழும் ஏழைதான். வசைச் சொல்லை ஏற்பவர் அவரே. விதி வகுத்தவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள்.

சங்கம் என்பது பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்களின் சங்கம். வாடகைக்கு இருப்பவருக்கு அதில் வாக்கில்லை, கூட்டத்துக்கு அழைப்புமில்லை. பராமரிப்புத் தொகையை மட்டும் அவரே பல இடங்களில் செலுத்துகிறார். தம் குரலைக் கேளாமல் வகுத்த விதியின் கீழ் தண்டம் கட்டுபவர் அவர்.

நம் நாட்டுச் சட்டம் இதில் ஊமையாக இல்லை. கட்டடத்தின் தரைத்தள நிறுத்துமிடத்தை வீட்டைப்போல் தனியே விற்கும் உரிமை கட்டுநருக்கு இல்லை என்று, மும்பையைச் சேர்ந்த நஹல்சந்த் லாலுசந்த் நிறுவனத்தின் வழக்கில், 2010 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிரச் சட்டத்தின் அடிப்படையில் தீர்ப்பளித்தது. அவ்விடம் குடியிருப்போர் அனைவருக்கும் பொதுவானது என்பது அதன் கருத்து. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74 ஆம் பிரிவில், ஒப்பந்தத்திலேயே அபராதத் தொகை எழுதியிருந்தாலும், அத்தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்கிறது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், வாடகைக்கு இருப்பவருக்கு மறுக்கக் கூடாத அத்தியாவசிய வசதிகளின் வரிசையில், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றோடு வாகன நிறுத்தத்தையும் சேர்த்திருக்கிறது. மாநிலங்கள் ஏற்றாலன்றி அது நடைமுறைக்கு வராது. எனினும் நம் காலத்தின் மனச்சான்று எப்பக்கம் சாய்கிறது என்பதை அது காட்டுகிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கூறுகிறது. அந்த எழுத்தில் 'வாகன நிறுத்துமிடம்' என்னும் ஒரு வரியைச் சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?

ஆகவே வாடகைக்கு வீடு தேடும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இது. முன்பணம் கொடுக்குமுன் நிறுத்துமிடத்தை நேரில் பாருங்கள். அதன் எண்ணை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அயல்நாட்டில் சீட்டு வந்தால், யார் அனுப்பியது என்று முதலில் பாருங்கள். நகர மன்றமா, தனியாரா? தனியார் என்றால் 28 நாள்களுக்குள் அந்நிறுவனத்திடமே முறையிடலாம். மறுத்தால் 'பாப்லா' போன்ற மேல்முறையீட்டு அமைப்புகள் உண்டு. அச்சத்தால் கட்டிவிடாதீர்கள், அலட்சியத்தால் கிழித்தும் எறியாதீர்கள். நீதிமன்றத்திலிருந்து வரும் படிவத்துக்குப் பதில் எழுதாவிடில், உங்கள் வாதத்தைக் கேளாமலே தீர்ப்பு எழுதப்படும். ஒரு மாதத்துக்குள் அத்தொகையைச் செலுத்தாவிடில், அது ஆறு ஆண்டுகள் பதிவேட்டில் நின்று, கடன் பெறுவதையும் வீடு பெறுவதையும் தடுக்கும். அதேபோல், பிறருக்கு உரிய இடத்தில் நீங்களே வண்டியை நிறுத்தியிருந்தால், வாதம் தேடாமல் வண்டியை எடுத்துவிடுங்கள். உரிமை பேசுபவருக்கு அண்டை வீட்டாரின் உரிமையும் கண்ணில் பட வேண்டும்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்போர் நம் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். மாதக் கூலியைப் பெறுவதோடு உங்கள் கடமை முடிந்துவிடுவதில்லை. சங்கத்தில் உங்களுக்கு உள்ள வாக்கு, உங்கள் வீட்டில் குடியிருப்பவருக்கும் உரியது என்று எண்ணுங்கள். அவருடைய வண்டிக்குப் பூட்டுப் போட்டார்கள் என்று கேட்டால், 'அது உங்கள் பாடு' என்று சொல்லிவிடாதீர்கள். எந்த இடத்தைக் காட்டிக் கூலி பெற்றீர்களோ, அந்த இடத்துக்கு நீங்களே பொறுப்பு.

'சண்டை வேண்டாம்' என்பது நல்ல மனத்தின் சொல். ஆனால் 'உமக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?' என்று பணிவாகக் கேட்பது சண்டையன்று. அக்கேள்வியைக் கேட்காமல் கட்டிய ஒவ்வொரு தொகையும், அடுத்து வரும் எளியவர் ஒருவரின் வண்டியில் இன்னொரு சீட்டை ஒட்ட வலுவளிக்கிறது. தண்டிக்கும் அதிகாரம் பேணும் பொறுப்பிலிருந்து பிறக்க வேண்டும். தண்டிப்பவர் தம்மால் தண்டிக்கப்படுபவரின் முகத்தையேனும் அறிந்திருக்க வேண்டும். சங்கங்களில் பொறுப்பு வகிக்கும் அன்பர்களே, சீட்டெழுதும் முன் ஒருமுறை அந்த வீட்டின் கதவைத் தட்டுங்கள்.